எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே

இரண்டு, பத்து, மூன்று. இந்த மூன்று எண்களையும் பழைய தமிழ் இலக்கத்தில் ஒட்டி எழுதிப் பாருங்கள்: ௨௰௩. பழைய கணக்குத் தெரிந்த எவரிடம் காட்டினாலும் இருபத்து மூன்று என்றுதான் வாசிப்பார். அவர் வாசிப்பதில் பிழையே இல்லை. தமிழ் இலக்கத்தில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து உண்டு. அதற்கு முன்னால் நிற்கும் இலக்கம் பெருக்கும், பின்னால் நிற்பது கூட்டும். பழைய முறையில் சுழியம் கிடையாது. ஆகவே ஐந்து, நூறு, நான்கு என்று மூன்று பேர் கோயிலுக்குக் கொடுத்த காசை இடைக்குறி இல்லாமல் எழுதினால் ௫௱௪ என்று வரும். கொடுத்தது நூற்றொன்பது, ஏட்டில் ஐந்நூற்று நான்கு.

நான் கணினிக்கு நிரல் எழுதிச் சீவிக்கிறவன். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முதற் பயிற்சிகளில் ஒன்று இதுதான்: ஓர் எண் பட்டியலை எடுத்து, நடுவே காற்புள்ளி போட்டு, ஒரே வரியாக்கு. பைத்தான் மொழியில் அது ஒரு வரி வேலை. ஜாவாவில் 2014இல் எட்டாம் பதிப்பு வந்த பிறகுதான் அதற்கு நேரடியான வழி கிடைத்தது. அதுவரை ஒவ்வோர் எண்ணாக எடுத்து ஒட்டி, கடைசி எண்ணுக்குப் பின்னால் காற்புள்ளி தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அற்ப வேலை என்றுதான் பலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இந்த வேலைக்கு எங்கள் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் பழைய கணக்குகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் இன்று ஊர்க் காணியையும் ஊர்க் காசையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். ஊர்காவற்றுறை அதில் ஊராத்துறை என்று வருகிறது. அந்தத் துறைக்கு வருகிற பரதேசிகள் காக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்ற கணக்குக்கு வருகிறான் அரசன். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பண்டம் ஏற்றிவந்த கலம் கெட்டால் சரிபாதி.

அந்தக் கல்லில் நான் பார்த்து நின்றது ஒன்று. பங்குகள் இலக்கத்தில் இல்லை, எழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பங்கோடும் அது யாருக்குப் போகிறது என்பதும் வேற்றுமை உருபோடு சேர்ந்தே நிற்கிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, காற்புள்ளி என்பதை அக்காலத்தில் எவரும் கண்டதுமில்லை. ஆனாலும் ஒன்றும் மூன்றும் ஒட்டி வேறோர் எண்ணாக வழியில்லை. கடலில் உடைந்த கப்பலின் உடைமைக்கு நிற்கிற சட்டம் அல்லவா? வாசிக்கிறவனுக்கு ஐயம் வந்தால் ஒருவனின் முதல் போய்விடும். எண்ணைக் காக்கிற வேலையை எண்ணுக்குப் பின்னால் வருகிற சொல் செய்தது.

ஓலைக்கு வந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். தீவுகளில் பனைக்குக் குறைவே இருந்ததில்லை, ஏடும் அதில்தான். ஒடுங்கிய இதழ், நீண்ட வரி, எழுத்தாணி. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டு எழுதினார்கள். அப்படிப்பட்டவர்கள் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகவே அவர்கள் பெயரைப் போட்டார்கள். பனை ௨ தென்னை ௰ புளி ௩ என்று எழுதினால் எந்த எண்ணும் பக்கத்து எண்ணோடு ஒட்டாது. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று கணக்கர்கள் வளைத்து வளைத்து எழுதிய கூட்டெழுத்துகள் இடத்தை மிச்சப்படுத்தியதோடு, எண்கள் ஒன்றுக்குள் ஒன்று விழாமலும் காத்தன. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனனம் செய்த பிள்ளைக்கு இது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாகவே இருந்திருக்காது. பெயர் இல்லாத எண்ணை அவன் எழுதியதே இல்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. நிலைத்தது கடைசிப் பெயர் மட்டும். அவர்கள் கொண்டுவந்த இன்னொன்று அவர்களின் கணக்கெழுத்து. ஒல்லாந்தக் கொம்பனியின் ஏடுகளில் பணம் 12:5:8 என்பது போல மூன்று கூறாக நிற்கும். பன்னிரண்டு கில்டர், ஐந்து ஸ்ரைவர், எட்டுப் பென்னிங். ஒரு கில்டருக்கு 20 ஸ்ரைவர், ஒரு ஸ்ரைவருக்கு 16 பென்னிங். நடுவில் நிற்கிற அந்த முக்காற்புள்ளி இருபக்கத்து எண்ணையும் பிரிக்கிறது. ஆனால் எது என்ன அலகு என்பதைச் சொல்லாது. வாசிக்கிறவன் இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கொம்பனிக் கணக்கனுக்கு அது போதும், ஏனென்றால் அவனுக்கு வாய்பாடு தெரியும். தெரியாதவன் கையில் அந்த ஏடு போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் காணி உறுதிகளே சாட்சி.

அம்மாவின் வழி நெடுந்தீவு. அவரது காணி உறுதிகள் இடம்பெயர்வில் எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றியபடி எங்களோடு வந்தன. வீட்டில் வேறெதை விட்டுவிட்டுப் போனாலும் உறுதியை விட்டுப் போன குடும்பம் தீவுப் பகுதியில் அரிது. அதில் ஓர் உறுதியின் வரி இப்படிப் போகும்: பெயர் சொல்லிய காணி, பரப்பு வரகு 3 குழி 7, இதில் பிரிக்கப்படாத நாலிலொரு பங்கு. பிறகு நான்கு திசைக்கும் எல்லை.

வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வரகுப் பரப்பு ஒன்றுக்கு 18 குழி. 16 பரப்பு ஓர் ஏக்கர். வயலுக்கு நெல்லுப் பரப்பு என்று வேறு அளவு உண்டு, அது இங்கே வேண்டாம். கணக்குப் போட்டால் ஒரு குழி 151.25 சதுர அடி. பிரிக்கப்படாத பங்கு என்பதற்கும் காரணம் உண்டு. எங்களைத் தேசவழமை என்ற வழக்குச் சட்டம் ஆள்கிறது. ஒல்லாந்தர் 1707இல் அதை எழுத்தில் கொண்டுவந்தார்கள், ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முன்னோர் சொத்தான முதுசொமும் சீதனமும் தலைமுறை தலைமுறையாகப் பங்குபட்டு இறங்கும்போது காணி உடையாமல் பங்கு மட்டும் உடையும். அரை, கால், பிறகு இருபத்துநாலிலொன்று என்று போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் சேர்ந்து ஊர்க் காணி விவரங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். நல்ல மனதோடு செய்த வேலை, இரவிரவாகச் செய்தார்கள். எனக்கு அனுப்பிய கோப்பில் அம்மாவின் காணி 3.7 என்று இருந்தது. பரப்புக்கும் குழிக்கும் நடுவில் இருந்த சொல் போய், ஒரு புள்ளி வந்து உட்கார்ந்துவிட்டது. தசமத்தில் 3.7 பரப்பு என்றால் 3 பரப்பு 12.6 குழி. உறுதியில் இருப்பது 7 குழி. வித்தியாசம் 5.6 குழி, அதாவது 847 சதுர அடி. சிறு வீடு ஒன்று கட்டலாம். அடுத்த வரியில் 3 பரப்பு 16 குழி உள்ள காணி 3.16 என்று இருந்தது. கணினியைக் கேட்டால் அம்மாவின் காணியை விட இது சின்னது என்று சொல்லும். நிலத்தில் இறங்கிப் பார்த்தால் ஒன்பது குழி பெரியது.

பங்குக் கட்டத்தில் நடந்தது அதை விட மோசம். நாலிலொன்றை 1/4 என்று தட்டியிருந்தார்கள். எக்செல் அதை ஏப்பிரல் முதலாம் திகதி என்று எடுத்துக்கொண்டது. பராக்கிரமபாகு கல்லில் வெட்டுவித்த அதே கால் பங்கு, நயினாதீவில் உப்புக்காற்றில் எண்ணூறு ஆண்டு நின்ற பங்கு, எங்கள் கோப்பில் ஒரு திகதியாகிப் போயிற்று. தட்டச்சுச் செய்த பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழி என்ற சொல்லின் கணக்கை அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

காற்புள்ளி எங்களுக்கு அச்சோடு வந்தது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனும், 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியும், பிறகு வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடமும் தமிழ் உரைநடையை நிறுத்தக் குறிகளோடு வாசிக்கப் பழக்கின. அவற்றைத் தமிழில் ஊன்றச் செய்தவர்களில் நாவலர் முதன்மையானவர். உரைநடைக்கு அது பெரிய கொடை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. கணக்குக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். காற்புள்ளி எண்ணுக்கு வெளியிலும் நிற்கும், உள்ளேயும் நிற்கும். 1,250 என்பது ஓர் எண்ணா, ஒன்றும் இருநூற்றைம்பதும் என்ற இரண்டு எண்களா? தாளில் கண் பார்த்துப் பிரிக்கும். கணினிக்கு அந்தக் கண் இல்லை.

ஐயா புங்குடுதீவார். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் இலங்கை முழுக்கக் கடை வைத்தவர்கள், அவரும் கொழும்பில் வைத்திருந்தார். அவரது கடன் கொப்பியின் ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பருப்பு 1/10 தேங்காய் /35 மண்ணெண்ணெய் /60 என்று ஒரே வரியில் போய், முடிவில் 2/05 என்று கூட்டுத்தொகை. சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ரூபா, வலப்பக்கம் சதம். ரூபாவும் சதமும் 1872இல்தான் இலங்கைக்கு முழுமையாக வந்தன. சாய்கோடு அதற்கு முந்திய ஷில்லிங் பென்ஸ் காலத்துப் பழக்கம். காசு மாறியது, கோடு தங்கிவிட்டது.

சதம் இல்லாத முழு ரூபாவுக்கு அவர் எப்படி எழுதுவார் என்பது இலங்கையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். 10/= என்று எழுதுவார். எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அதன்பின் இரண்டு கிடைக்கோடு. நான் சின்னப் பெடியனாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து துண்டு எழுதப் பழகின காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: "தம்பி, பின்னாலை கோட்டைப் போடு. இல்லாட்டிப் பத்தை நூறாக்கிப் போடுவாங்கள்."

அந்தக் கோட்டின் அருமை நிரல் எழுதப் போன பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. எங்கள் தொழிலில் குறி இரண்டு வகை. ஒன்று, இரண்டு எண்களுக்கு நடுவில் மட்டும் நிற்பது. நெடுந்தீவில் காணிகளுக்கு நடுவில் அடுக்கியிருக்கும் பவளக்கல் வேலியைப் போல, வரிசையாக மூன்று காணி என்றால் நடுவில் இரண்டு வேலி. மற்றது, ஒவ்வோர் எண்ணும் தன் முடிவில் தானே சுமக்கிற குறி. மூன்று எண்ணுக்கு மூன்று குறி. பஸ்கால் மொழியை 1970இல் ஆக்கிய நிக்லவுஸ் வேர்த் அரைப்புள்ளியை முதல் வகையாக வைத்தார். அதன்பின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த சி மொழி அதே அரைப்புள்ளியை இரண்டாம் வகையாக வைத்தது. எது நல்லது என்று அந்தத் தலைமுறை நெடுங்காலம் வாதாடியது. ஐயாவின் 10/= இரண்டாம் வகை. ஓலைக் கணக்கரின் கூட்டெழுத்தும் எண்ணோடு பிரியாமல் போகிற பெயரும் இரண்டாம் வகைக்குக் கிட்டத்தான் நிற்கின்றன. பக்கம் கிழிந்து பாதி வரி போனாலும் மிஞ்சிய எண் தன் பொருளோடு மிஞ்சும். காற்புள்ளி போட்ட பட்டியலில் நடுவில் ஒன்று தவறினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் இடம் மாறும். பழைய ஏடுகளுக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், இரண்டாம் வகை என்று தயங்காமல் சொல்வேன்.

உலகம் முதல் வகையோடு போய்விட்டது. ஐபிஎம் கணினிகளின் ஃபோர்ட்ரான் மொழி 1972 அளவிலேயே காற்புள்ளியிட்ட எண் பட்டியலை வாசித்தது. அந்தக் கோப்பு வடிவத்துக்கு 2005இல்தான் ஓர் எழுத்து விதி வந்தது: காற்புள்ளி உள்ளேயே உள்ள உருப்படியை இரட்டை மேற்கோளுக்குள் வை என்று. இத்தனைக்கும் 1967இன் ஆஸ்கி எழுத்தட்டவணையில் 28 முதல் 31 வரையான நான்கு இடங்கள் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. கோப்பைப் பிரிக்க ஒன்று, தொகுதியைப் பிரிக்க ஒன்று, பதிவைப் பிரிக்க ஒன்று, உருப்படியைப் பிரிக்க ஒன்று. எந்த எண்ணிலும் எந்தப் பெயரிலும் வராத குறிகள். விசைப்பலகையில் அவற்றுக்கு விசை இல்லை, திரையில் உருவம் இல்லை, ஆகவே பெரும்பாலானோர் கைக்கொள்ளவில்லை. கையில் இருந்த காற்புள்ளியே போதும் என்று விட்டார்கள்.

அதன் விலையை எங்கள் ஆட்கள் பாரிஸில் கொடுத்தார்கள். பிரான்சில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளிதான். பன்னிரண்டரை யூரோ 12,50 என்று எழுதப்படும். அதனால் அங்கத்தைய எக்செல் பட்டியலைப் பிரிக்க அரைப்புள்ளியைப் பயன்படுத்தும். ஓர் ஊர்ச் சங்கம் தேர்த் திருப்பணிக்குச் சேர்த்த காசின் பட்டியலை அங்கிருந்து அனுப்ப, இங்கே ஒருவர் அதைக் காற்புள்ளியால் பிரித்துத் திறந்தார். 12,50 என்பது பன்னிரண்டாகவும் ஐம்பதாகவும் உடைந்து இரண்டு கட்டத்தில் விழுந்தது. பன்னிரண்டரை கொடுத்தவரின் பெயருக்கு எதிரே பன்னிரண்டு நின்றது. அரை யூரோதானே என்று சொல்லலாம். பனிக்காலத்தில் உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு அது. கோயிற் கணக்கில் தன் பெயருக்கு நேரே அது சரியாக நிற்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்ப்பது நியாயம். அந்தப் பட்டியலால் இரண்டு குடும்பங்கள் கொஞ்சக் காலம் பேசாமல் இருந்தன.

அரசாங்கம் கிராம சேவையாளர் பிரிவுகளுக்குக் கொடுத்த இலக்கத்திலும் சாய்கோடு உண்டு. யாழ் மாவட்டத்தின் வரிசை நெடுந்தீவில்தான் தொடங்குகிறது, ஜே/1 முதல் ஜே/6 வரை. அங்கே முன்னால் நிற்கிற எழுத்து எண்ணைக் காக்கிறது, எந்தக் கணினியும் அதைத் திகதி என்று எடுக்காது. அந்த ஓர் எழுத்தைப் போட்டவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

பழைய ஏட்டை உள்ளபடியே தட்டச்சுச் செய்ய வழி இல்லாத காலமும் போய்விட்டது. நாள், மாதம், வரவு, பற்றுக் குறிகள் 2003இல் யூனிகோடுக்குள் வந்தன. தமிழ்ச் சுழியம் 2005இல் வந்தது. காணி, முந்திரி முதலான பின்னங்களும் நில, தானிய அளவைக் குறிகளும் சேர்ந்து 51 எழுத்துகள் 2019இல் வந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காத்து வருகிறது. கருவியும் உண்டு, இடமும் உண்டு.

ஆகவே ஊர்க் கணக்கைக் கணினியில் ஏற்றப் புறப்படுகிற பிள்ளைகளிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவுதான். பரப்புக்கு ஒரு கட்டம், குழிக்கு ஒரு கட்டம் போடுங்கள், இரண்டையும் புள்ளியால் ஒட்டாதீர்கள். பங்கை எழுதும்போது மேலே உள்ளதை ஒரு கட்டத்திலும் கீழே உள்ளதை ஒரு கட்டத்திலும் வையுங்கள். காசுக்குப் பக்கத்தில் ரூபாவா யூரோவா என்று எழுதுங்கள். உறுதியில் உள்ள வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே இன்னொரு கட்டத்தில் வைத்து, படமும் எடுத்துச் சேருங்கள். அதற்கு முன் வீட்டில் இருக்கிற பெரியவரிடம் உறுதியைக் கொடுத்து, குழியும் பரப்பும் என்னவென்று ஒருமுறை வாசிக்கக் கேளுங்கள். அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் தீவுப் பகுதியில் இப்போது கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள்.